சிறுநீரில் இரத்தம் கண்டால்: சிறுநீர்ப்பைப் புற்றுநோயை அறிவோம், ஆபத்தைக் குறைப்போம்

மீள்குடியேறும் குடும்பங்களுக்கான சுகாதாரப் பாடம்

இந்தப் பாடத்தைப் படித்து முடிக்கும்போது நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை:

• சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் எது
• அது ஏன் பலராலும் கவனிக்கப்படாமல் போகிறது
• ஆபத்தைக் குறைக்க வீட்டிலும் வேலையிடத்திலும் என்ன செய்யலாம்
• இடம்பெயர்ந்த காலத்தில் கிளினிக் தவறியிருந்தால் என்ன செய்வது

வீடு திரும்பிய பின்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தின் பல குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றின. பாடசாலைகளிலும் கோயில்களிலும் பன்சலைகளிலும் பள்ளிவாசல்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கியிருந்த நீங்கள் இப்போது திரும்பி வருகிறீர்கள். சேறு அள்ள வேண்டும். கூரை பார்க்க வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்க வேண்டும். இத்தனை வேலைக்கும் நடுவில் பெரியவர்களின் உடம்பு எப்போதும் பட்டியலின் கடைசியில்தான் நிற்கும்.

ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். இது பாடத்துக்காக நாம் எழுதிய கதை. ஆனாலும் உங்கள் லயத்திலோ வீதியிலோ இப்படி ஒருவர் இருக்கக்கூடும்.

அப்பாவுக்கு 61 வயது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கும் வேலை. பதினெட்டு வயதிலிருந்து சிகரெட் பழக்கம். பாடசாலையில் தங்கியிருந்தபோது ஒரு காலை சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி எதுவும் இல்லை. வெளியே மலசலகூடத்துக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவர் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிட்டார். இரண்டு நாளில் நிறம் வழமைக்குத் திரும்பியது. "உடம்புச் சூடு" என்று நினைத்து மறந்தார். மூன்று மாதம் கழித்து, வீடு திரும்பிய பிறகு, சாரம் துவைக்கும்போது அம்மா ஒரு கறையைக் கண்டார்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல, சூடு. முந்தியும் ஒருக்கா வந்து போச்சு."

"முந்தியும் வந்ததா? ஏன் சொல்லல?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இந்தப் பாடம்.

சிறுநீர்ப்பை என்றால் என்ன?

நமது இரண்டு சிறுநீரகங்களும் இரவு பகலாக இரத்தத்தை வடிகட்டுகின்றன. உடம்புக்கு வேண்டாதவை நீரோடு கலந்து சிறுநீராகின்றன. அந்தச் சிறுநீர் இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக இறங்கி அடிவயிற்றில் உள்ள ஒரு பையில் சேர்கிறது. அதுவே சிறுநீர்ப்பை. வளர்ந்த ஒருவருக்கு அது ஏறக்குறைய 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை கொள்ளும். தசையாலான அந்தப் பையின் உட்சுவரில் மெல்லிய ஒரு படலம் இருக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பெரும்பாலானவை இந்தப் படலத்தில்தான் தொடங்குகின்றன.

ஏன் அங்கே? தினமும் பிளேன்டீ ஊற்றிக் குடிக்கும் கோப்பையைப் பாருங்கள். நாளடைவில் அதன் உட்சுவரில் சாயம் படிந்துவிடுகிறது. நாம் உள்ளே எடுக்கும் சில நச்சுப் பொருட்களும் அப்படித்தான். இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிக்கப்பட்டு, சிறுநீரோடு சேர்ந்து, மணிக்கணக்காக அந்தப் படலத்தைத் தொட்டபடி நிற்கின்றன. ஆண்டுக்கணக்காக இது நடக்கும்போது படலத்தின் கலங்கள் பழுதடைந்து, கட்டுப்பாடில்லாமல் பெருகத் தொடங்கலாம்.

இது அரிய நோயல்ல. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 6 இலட்சத்து 14 ஆயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் 55 வயதுக்கு மேற்பட்டோரையே தாக்குகிறது.

இது தொற்றுநோய் அல்ல. ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பதாலோ, ஒரே கோப்பையில் குடிப்பதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வராது. செய்வினையும் அல்ல, சாபமும் அல்ல. நோயுள்ளவரை ஒதுக்கி வைக்க எந்தக் காரணமும் இல்லை.

முதல் அடையாளம்: வலியில்லாத இரத்தம்

இந்நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் சிறுநீரில் இரத்தம் போவது. அது எப்போதும் பளிச்சென்ற சிவப்பாக இருக்காது. இறைச்சி கழுவிய தண்ணீர் போல இளஞ்சிவப்பாக இருக்கலாம். பிளேன்டீ நிறத்தில் இருக்கலாம். சில வேளை சிறு இரத்தக் கட்டிகளும் வரலாம்.

இதில் நம்மை ஏமாற்றுபவை இரண்டு. ஒன்று, பெரும்பாலும் வலி இருப்பதில்லை. வலித்தால்தான் வைத்தியசாலைக்குப் போவது நம் வழக்கம். இரண்டு, இரத்தம் தானாக நின்றுவிடும். ஒரு நாள் வரும், பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வராது. நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம். இரத்தம் நின்றாலும், அதை வரவைத்த காரணம் உள்ளேயே இருக்கலாம்.

வேறு அடையாளங்களும் உண்டு: அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதல், அடக்க முடியாத அவசரம், கழிக்கும்போது எரிச்சல். நோய் முற்றிய நிலையில் இடுப்பு வலி, உடல் மெலிதல், கால் வீக்கம் வரலாம்.

சிறுநீரில் இரத்தம் கண்ட எல்லோருக்கும் புற்றுநோய் இல்லை. பெரும்பாலானோருக்குக் காரணம் வேறாகவே இருக்கும்: கிருமித்தொற்று, சிறுநீரகக் கல், வயதான ஆண்களுக்குப் புரஸ்தாதச் சுரப்பி வீக்கம் போன்றவை. பீற்றூட் சாப்பிட்டாலும் சிறுநீர் சிவக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மருந்து சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். ஆனால் நிறத்தைப் பார்த்து இது எது என்று வீட்டிலிருந்து தீர்மானிக்க முடியாது. சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வெள்ளத்துக்குப் பிந்திய காலத்தில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சேற்றிலும் வயலிலும் வேலை செய்தவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் ஆகியவற்றோடு சிறுநீர் கடும் நிறமாகவோ குறைவாகவோ போனால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு நாளை என்று தள்ளாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பெண்களுக்கு ஒரு தனி வார்த்தை

மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அருகில் மலசலகூடம் இருப்பதில்லை. நிவாரண நிலையங்களிலும் இரவில் வெளியே போகப் பயந்து பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள், சிறுநீரை அடக்கினார்கள். இதனால் கிருமித்தொற்று வருவது சகஜம். அதனால்தான் பெண் ஒருவர் "எரியுது, சிவப்பாப் போகுது" என்று சொன்னால் முதலில் கிருமித்தொற்று மாத்திரை தரப்படுகிறது. பல வேளைகளில் அது சரியான வைத்தியமே.

ஆனால் மாத்திரை முடிந்தும் இரத்தம் போனால், அல்லது தொற்று என்று மீண்டும் மீண்டும் மாத்திரை தரப்பட்டால், அத்தோடு நின்றுவிடாதீர்கள். "சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று சோதித்தீர்களா? ஸ்கேன் செய்ய வேண்டுமா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு உள்ளாடையில் இரத்தம் கண்டால், அது எங்கிருந்து வந்தாலும், கட்டாயம் காட்ட வேண்டும். பல நாடுகளில் பெண்களுக்கு இந்நோய் ஆண்களைவிடத் தாமதமாகவே கண்டறியப்படுகிறது. இரத்தத்தை வேறொன்று என எண்ணிவிடுவது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

ஆபத்தைக் கூட்டுபவை, அதைக் குறைக்கும் வழிகள்

*புகைத்தல்.* காரணங்களில் முதலிடம் இதற்கே. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகைத்தலே காரணம் எனக் கணிக்கப்படுகிறது. புகைப்பவருக்கு, புகைக்காதவரைவிட ஆபத்து சுமார் மூன்று மடங்கு. புகை நெஞ்சுக்குத்தான் கெடுதி என்று நினைக்கிறோம். ஆனால் புகையிலுள்ள நச்சுகள் நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து சிறுநீருக்கும் போய்ச் சேர்கின்றன. பீடியும் சுருட்டும் புகைதான்.

இடம்பெயர்ந்த காலத்தில் கவலையால் பலருக்கு இந்தப் பழக்கம் கூடியிருக்கும். அதற்காக உங்களைக் குறைசொல்ல இந்தப் பாடம் எழுதப்படவில்லை. எந்த வயதில் விட்டாலும், விட்ட சில ஆண்டுகளிலேயே ஆபத்து குறையத் தொடங்குகிறது. விட விரும்புவோர் 1948 என்ற இலக்கத்தை அழைத்து ஆலோசனை பெறலாம். ஒரு நாளைத் தீர்மானித்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். முதல் இரண்டு வாரமே கடினம்.

வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களுக்கு: அதன் பெரிய ஆபத்து வாய்ப்புற்றுநோய். நமது நாட்டில் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் அது முன்னணியில் இருக்கிறது. ஆகவே அதையும் சேர்த்து விடுவது நல்லது.

*வேலையிடத்து இரசாயனங்கள்.* 1895இல் ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் லூட்விக் ரேன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர் சிலருக்குச் சிறுநீர்ப்பைக் கட்டிகள் வந்திருப்பதைக் கண்டு அறிவித்தார். வேலையிடத்தில் தொடும், சுவாசிக்கும் பொருட்கள் இந்நோயைத் தரலாம் என்பது அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பின்னர் அந்த இரசாயனங்களில் மிக மோசமானவை பல நாடுகளில் தடைசெய்யப்பட்டன. பெயின்ற் அடிக்கும் தொழிலையும் இறப்பர்ப் பொருள் உற்பத்தித் தொழிலையும் புற்றுநோய் தரக்கூடியவை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. சாயமிடுதல், தோல் பதனிடுதல், தலைமுடிச் சாயத்தோடு நாள் முழுதும் வேலை செய்தல் ஆகியவற்றிலும் கவனம் தேவை.

இந்த ஆபத்து ஒரு நாளில் வருவதல்ல. நோய் தோன்ற இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். உங்கள் சொந்த வீட்டுக்கு ஒருமுறை பெயின்ற் அடிப்பதால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதையே தொழிலாகச் செய்பவர்கள் இவற்றைப் பழக்கமாக்குங்கள்:

• யன்னல், கதவுகளைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.
• கையுறை அணியுங்கள். தின்னரால் கை கழுவாதீர்கள், சவர்க்காரம் பாவியுங்கள்.
• பழைய பெயின்றைத் தேய்க்கும்போது தண்ணீர் தெளித்துத் தேயுங்கள். தூசு கிளம்பாது.
• பெயின்ற் கையோடு சோறு சாப்பிடாதீர்கள், வெற்றிலை போடாதீர்கள், சிகரெட் பிடிக்காதீர்கள்.
• வேலை உடுப்பை மாற்றிவிட்டு வீட்டுக்குள் போங்கள். அதைத் தனியாகத் துவையுங்கள்.

வைத்தியரிடம் போகும்போது, என்ன தொழில் எத்தனை ஆண்டு செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வைத்தியர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லலாம்.

*சில மூலிகைகள்.* கசாயம் என்றால் கெடுதி இல்லை என்று நம்புகிறோம். பெரும்பாலும் அது சரி. ஆனால் ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை என்ற இரண்டும் சேர்ந்த மூலிகைக் குடும்பத்தில் அரிஸ்டலோகிக் அமிலம் என்ற பொருள் உண்டு. ஈஸ்வரமூலியைச் சிங்களத்தில் சப்சந்த என்பார்கள். அந்த அமிலம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சிறுநீர் செல்லும் வழியில் புற்றுநோயையும் தரும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலியவென்று தரப்பட்ட மூலிகைக் குளிசையில் இதே குடும்பத்துச் செடி கலந்திருந்தது. அதைச் சாப்பிட்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. பின்னர் அவர்களில் சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. நாட்டு வைத்தியரிடம் மருந்து எடுப்பவர்கள் இந்த இரண்டும் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். நாமாக வேலியோரத்தில் பறித்துக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம்.

*குடிநீர்.* ஆசனிக் என்ற நச்சு கலந்த நீரை நீண்டகாலம் குடித்தால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரலாம். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் அன்ரொஃபகஸ்ரா பகுதி மக்கள் 1958 முதல் 1970 வரை அத்தகைய நீரைக் குடித்தார்கள். நீரைச் சுத்திகரித்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அங்கே இந்நோய் கூடுதலாகவே காணப்பட்டது. வங்காளதேசத்தின் குழாய்க் கிணறுகளிலும் இதே பிரச்சினை உண்டு. கொதிக்க வைத்தால் ஆசனிக் போகாது.

நமது மலைப்பகுதி ஊற்றுகளிலும் பீலிகளிலும் மண்சரிவுக்குப் பின் முதலில் அஞ்ச வேண்டியது கிருமிகளையே. ஆகவே கொதித்தாறிய நீரைக் குடியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குக் குளோரின் இட்டால் தடுக்காதீர்கள். குளோரினால் புற்றுநோய் வரும் என்ற பேச்சைக் கேட்டு கிருமியுள்ள நீரைக் குடிப்பது பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்வதாகும். பழைய கிணறு மூடுண்டு புதிதாக ஆழ்துளைக் கிணறு தோண்டினால், குடிக்கத் தொடங்குமுன் நீரைச் சோதிக்கும்படி பரிசோதகரிடம் கேளுங்கள்.

நிறையத் தண்ணீர் குடித்தால் இந்தப் புற்றுநோய் வராது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கிருமித்தொற்றையும் கல்லையும் அது குறைக்கும். வேலைக்குப் போகும்போது ஒரு போத்தல் நீர் கொண்டுபோங்கள். சிறுநீரை அடக்கி வைக்காதீர்கள்.

*ஏற்கெனவே எடுக்கும் மருந்துகள்.* நீரிழிவுக்குத் தரப்படும் பயோகிளிற்றசோன் என்ற குளிசையும், வேறு நோய்களுக்குத் தரப்படும் சைக்ளோபொஸ்பமைட் என்ற மருந்தும் இந்த ஆபத்தைச் சற்றுக் கூட்டலாம். இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. சிறுநீரில் இரத்தம் கண்டால் கிளினிக்கில் உடனே சொல்லுங்கள்.

எங்கே போவது, என்ன நடக்கும்?

மார்புப் புற்றுநோய்க்கும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் இருப்பதுபோல, அறிகுறி இல்லாத எல்லோரையும் கூப்பிட்டுச் சோதிக்கும் முறை இந்நோய்க்கு இல்லை. உங்கள் கண்தான் முதல் சோதனை. அதனால்தான் ஒருமுறை கண்டாலும் காட்ட வேண்டும் என்கிறோம்.

1. அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் தோட்ட வைத்திய உதவியாளரிடம் முதலில் சொல்லலாம். இரத்தம் எந்த நாளில் வந்தது, எத்தனை நாள் இருந்தது, வலி இருந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இரத்தம் நின்றிருந்தாலும் போங்கள்.

2. முதலில் சிறுநீர்ச் சோதனை செய்வார்கள். பிறகு வயிற்றுக்கு ஸ்கேன். தேவையானால் கம்பளை, நாவலப்பிட்டி, பேராதனை அல்லது கண்டி தேசிய வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அரசாங்க வைத்தியசாலையில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை.

3. அங்கே சிறுநீர்த் தொகுதி சத்திரசிகிச்சை நிபுணர், சிறுநீர் வரும் வழியாக மெல்லிய குழாய்க் கமராவை விட்டுப் பையின் உட்புறத்தைப் பார்ப்பார். கூச்சமாக இருக்கும். மரக்கச் செய்யும் மருந்து தருவார்கள். சில நிமிட வேலைதான்.

சிங்களம் பேசும் வைத்தியரிடமோ தாதியிடமோ சொல்ல வேண்டியிருந்தால் இந்த வாக்கியம் போதும்: "முத்ரா யனகொட லே யனவா." சிறுநீர் போகும்போது இரத்தம் போகிறது என்பது இதன் பொருள். நேரே சொல்லக் கூச்சமானால் தாளில் எழுதிக் கொடுங்கள்.

இரத்தக் கட்டிகள் வந்து சிறுநீர் அடைத்துக்கொண்டால், அல்லது அதிக இரத்தம் போய்த் தலை சுற்றினால், காத்திருக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம்.

புற்றுநோய் என்று சொன்னால்

அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, பையின் தசைக்குள் இறங்குவதற்கு முன்பே கண்டறியப்படுகிறது. அந்த நிலையில் வயிற்றை வெட்டாமல், கமரா சென்ற வழியாகவே கட்டியைச் சுரண்டி எடுத்துவிடலாம்.

சிலருக்கு அதன் பின் பீ.சி.ஜி. மருந்தைப் பைக்குள் விடுவார்கள். பிறந்த குழந்தைக்குக் காசநோய் வராமல் கையில் போடும் அதே பீ.சி.ஜி.தான். 1976இல் கனடாவில் அல்வாரோ மொராலெஸ் என்ற வைத்தியர் இந்த வழியை அறிவித்தார். வழமையாக வாரம் ஒருமுறை வீதம் ஆறு வாரம் கொடுப்பார்கள். இதில் உயிருள்ள கிருமி இருப்பதால், மருந்து விட்ட பின் ஆறு மணித்தியாலங்களுக்கு உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, ப்ளீச் ஊற்றி, 15 நிமிடம் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். லயத்தில் பொது மலசலகூடம் பாவிப்பவர்கள் இதை முன்கூட்டியே தாதியிடம் சொல்லி ஆலோசனை கேளுங்கள். மருந்துக்குப் பின் கடும் காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நோய் தசைக்குள் இறங்கிவிட்டால் வைத்தியம் பெரிதாகும். பையையே அகற்றி, குடலின் ஒரு துண்டால் சிறுநீருக்கு வேறு வழி செய்ய நேரலாம். கதிர்ச் சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் தேவைப்படலாம். மூன்று மாதம் முந்திப் போவதற்கும் பிந்திப் போவதற்கும் உள்ள வித்தியாசம் சில வேளை இதுவாகவே இருக்கும்.

ஏற்கெனவே வைத்தியம் பெற்றவர்களுக்கு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இருமுறை வாசியுங்கள்.

இந்தப் புற்றுநோய் எடுத்த இடத்திலேயே மீண்டும் முளைக்கும் தன்மை கொண்டது. ஆகவே கட்டியை எடுத்த பின்னும் ஆண்டுக்கணக்கில் கமரா விட்டுப் பார்க்க வேண்டும். முதல் பரிசோதனை வழமையாக மூன்றாம் மாதத்தில் நடக்கும். அந்தத் தேதி நீங்கள் முகாமில் இருந்த நாட்களில் வந்து போயிருந்தால், உங்களுக்கு எந்த வருத்தமும் தெரியாவிட்டாலும், இப்போது போக வேண்டும். கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

கிளினிக் கொப்பி சேற்றோடு போய்விட்டதா? அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். கையில் இருப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்:

• அடையாள அட்டை. அது இல்லாவிட்டால் கிராம உத்தியோகத்தரின் கடிதம்.
• மிச்சமுள்ள மருந்தின் உறை அல்லது பழைய துண்டு ஏதாவது.
• சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலை, வாட்டு, மாதம், ஆண்டு ஆகியவற்றை நினைவிலிருந்து எழுதிய தாள்.

இவற்றைக் கொண்டு அதே கிளினிக்குக்குப் போய், "மண்சரிவில் கொப்பி தொலைந்துவிட்டது, தவறிய பரிசோதனைக்கு நாள் வேண்டும்" என்று சொல்லுங்கள். பாதை உடைந்து அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், அருகிலுள்ள வைத்தியசாலையில் விடயத்தைச் சொல்லிக் கடிதம் கேளுங்கள். புதிய கொப்பி கிடைத்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் பிள்ளைகளின் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். மூலத்தை பொலித்தீன் உறையில் போட்டு, அவசரத்தில் தூக்கிக்கொண்டு ஓடும் பையில் வையுங்கள்.

சிறுநீர்க் குழாய் பொருத்தியிருப்பவர்கள் அதை மாற்றும் நாள் தவறியிருந்தால் இந்த வாரமே போங்கள்.

நமது குடும்பம் என்ன செய்தது?

அம்மா மறுநாள் அப்பாவைத் தனியாக அனுப்பவில்லை. மருமகனைக் கூட அனுப்பினார். மகளிடம் சொல்லக் கூச்சப்பட்டதை அப்பா மருமகனிடம் பஸ்ஸில் வைத்துச் சொன்னார்: இதுவரை மூன்று முறை வந்திருக்கிறது. ஸ்கேனில் சிறு கட்டியொன்று தெரிந்தது. வெட்டாமல் எடுத்தார்கள். தசைக்குள் இறங்கவில்லை. இப்போது சுவரிலுள்ள கலண்டரில் மூன்று மாதத்துக்கு ஒரு தேதி வட்டமிடப்பட்டிருக்கிறது. வட்டமிடுவது பேத்தியின் வேலை. சிகரெட்டை அவர் இன்னும் முழுதாக விடவில்லை. 1948க்கு இரண்டு முறை பேசியிருக்கிறார்.

குடும்பமாகப் பேசிப் பாருங்கள்

1. நமது வீட்டில் 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் யார்? சிறுநீரில் நிறமாற்றம் கண்டிருக்கிறார்களா என்று அவர்களிடம் யார் கேட்பது நல்லது? மகனா, மருமகளா, பேரப்பிள்ளையா?

2. இடம்பெயர்ந்த காலத்தில் யாருடைய கிளினிக் தவறியது? அடுத்த பஸ் எந்த நாளில், யார் கூடப் போவது?

3. நமது வீட்டில் புகைப்பவருக்கு ஏசாமல் உதவ நாம் என்ன செய்யலாம்?

4. நமது தொழிலில் தினமும் கையில் படும் பொருட்கள் எவை? இன்றே மாற்றக்கூடிய பழக்கம் எது?

இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். குறிப்பாக, "ஒண்ணுமில்ல, சூடு" என்று சொல்பவர்களுக்கு.